ஆறுதலாப் போங்கோ

தவராசாவின் குரல் தவராசாவுக்குச் சொந்தமானதல்ல என்று ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்குக் கடிதம் வந்தது. அதுவரை அது தன் தொண்டைக்குள்தான் இருக்கிறது என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதில் இப்படியொரு செய்தி வந்தால் யாருக்கும் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். நடந்ததை முதலிலிருந்து சொன்னால் நீங்களும் கூடச் சேர்ந்து திகைக்கலாம்.

கடிதத்தை அனுப்பியது சுயகுரல் திரை அறக்கட்டளை. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் அதன் அலுவலகம். நியூசிலாந்துக்கு வந்துசேர்ந்த மக்களிடம் இருக்கும் அசலான குரல்களைக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்த பிறகு அவை மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதன் நோக்கம். முதல் பாதியை அவர்கள் சுமாராகச் செய்தார்கள். இரண்டாம் பாதியில் அவர்களை அடிக்க ஆளில்லை.

தவராசா வாரநாட்களில் விரி என்ற புறநகரில் ஒரு பெரிய வேர்ஹவுஸில் லொறிகளுக்குச் சரக்கு ஏற்றி அனுப்பும் பகுதியைக் கவனிப்பவர். சனி ஞாயிறில் படம் எடுப்பவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவர் எடுத்த முதல் குறும்படம் ‘பூட்டாத சூட்கேஸ்’. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவருடைய தாயார் கடைசிவரை தன் உடுப்புகளை அலுமாரிக்கு மாற்றவே இல்லை. எந்த நேரமும் திரும்பிப் போகலாம் என்று சூட்கேஸைப் பூட்டாமல் கட்டிலடியில் வைத்திருந்தார். செத்தவீடு முடிந்து ஒரு மாதம் கழித்து மகன் அதைத் திறக்கிறான். பதினாலே நிமிடம். நல்ல படம், அதில் சந்தேகமே வேண்டாம். பார்த்தவர்கள் உண்மையாகவே அழுதார்கள். எடுத்தவரும் அழுதார்.

அறக்கட்டளை முதற்பரிசு கொடுத்து, “உங்கள் குரல் எங்களுக்கு இன்னும் வேண்டும்” என்றது. தவராசா ‘திறக்காத சூட்கேஸ்’ எடுத்தார். பரிசு. ‘தூக்காத சூட்கேஸ்’ எடுத்தார். மறுபடியும் பரிசு. நாலாவது படத்தில் வெட்கப்பட்டு சூட்கேஸை உரப்பையாக மாற்றிப் பார்த்தார். சூட்கேஸ் இல்லாமையே இங்கே சூட்கேஸாக நிற்கிறது என்று எழுதி அதற்கும் பரிசைக் கையில் திணித்தார்கள்.

நாலிலும் தாயாக நடித்தவர் இராசமலர் அக்கா. சான்ட்ரிங்ஹாமில் பலகாரம் செய்து விற்பவர், கேட்ட நேரத்தில் கேட்ட கண்ணால் அழக்கூடியவர். நாலாவது படப்பிடிப்பில் அவர், “தம்பி, இந்த முறை எந்தப் பக்கம் பாத்து அழவேணும்?” என்று கேட்டார். தவராசா ஜன்னலைக் காட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. பெற்ற தாயின் சாவைப் படமெடுத்துக்கொண்டே நேரம் பார்க்கிறேனே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அந்தப் படம் திரையிட்ட அன்று மகள் பிரணவி முதல் ஐந்து நிமிடத்தில் எழும்பிப் போய், பெயர்கள் ஓடும்போது பொப்கோனோடு திரும்பி வந்தாள். பதினாறு வயது, இங்கே பிறந்த பிள்ளை. “ஐ நோ ஹவ் இட் எண்ட்ஸ், டாட்” என்றாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்தப் பிள்ளை எழும்பிப் போகாமல் இருந்து பார்க்கிற ஒரு படம், வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு படம் எடுக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தார். அவருக்கு வேறு ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

கதைக்கு அலையத் தேவையில்லை, வீட்டிலேயே இருந்தது. மனைவி பத்மாவதி கார் லைசென்ஸ் சோதனையில் ஆறு தடவை தோற்றவர். ஒரு தடவை, ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று பரிசோதகர் கேட்டதற்கு முகம் பார்த்துப் பதில் சொல்லப்போய் நடைபாதையில் ஏறினார். சான்ட்ரிங்ஹாம் ரோட்டில் டவுனுக்குப் போகிற பஸ்ஸுக்கு வழிவிட்டவர், அதன் பின்னால் வந்த ஒன்பது கார்களுக்கும் கைகாட்டி வழிவிட்டார். அதற்குள் பரிசோதகர் படிவத்தை நிரப்பி முடித்துவிட்டார். மவுண்ட் வெல்லிங்டன் ரவுண்டபவுட்டுக்குள் நுழைந்தவர் வெளியே வரத் தெரியாமல் பதினொரு தடவை சுற்றினார். இத்தனைக்கும் தவராசா பழக்கும்போது ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார்: “ஆறுதலா, ஆறுதலாப் போங்கோ.”

யாழ்ப்பாணத்தில் ஆறுதலாப் போங்கோ என்றால் மெதுவாக, பதறாமல் போங்கள் என்று அர்த்தம். துக்கத்துக்கும் அதற்கும் ஒரு ஒட்டும் கிடையாது. அதையே படத்துக்குத் தலைப்பாக வைத்தார். முடிவில் மனைவி ஏழாவது தடவை பாஸ் பண்ணுகிறார். வேகமாக ஓட்டியதற்காகக் கணவனின் லைசென்ஸ் பறிபோகிறது.

பத்மாவதி திரைக்கதையை வாசித்துவிட்டு, “என்ர மானத்தை வாங்கிறதெண்டா முழுசா வாங்குங்கோ. பதினொண்டில்லை, பதின்மூண்டு சுத்து” என்று திருத்தம் சொன்னார். பிரணவிக்குத் தவராசாவே ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினார். அவள் குடித்த பால் மூக்கால் வந்தது. “டாட், திஸ் இஸ் ஆக்சுவலி ஃபன்னி” என்றாள். அந்த ‘ஆக்சுவலி’யை ஒரு வாரம் முழுக்க மனிதர் வேர்ஹவுஸில் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இனி ரவிசங்கர். மதுரைக்காரன், ஐ.டி. வேலையில் வந்தவன். தவராசாவின் நாலு படத்துக்கும் எடிட்டிங் செய்தவன், சப்டைட்டில் போட்டவன். அந்தப் பெயரில் அறக்கட்டளையிலேயே மொழி பண்பாட்டு ஆலோசகராக உத்தியோகமும் கிடைத்து உட்கார்ந்திருந்தான். தவராசா கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆள் உலகத்தில் ஒருவன் இருந்தான் என்றால் அது ரவிசங்கர்தான். பரிசு வாங்கிய மேடைகளில் எல்லாம், இந்தப் படம் உங்கள் எல்லோருடையதும், ரவி இல்லாமல் நான் இல்லை என்று ஒரே பேச்சைத்தான் பேசியிருந்தார்.

புதுப் படத்துக்கு அறக்கட்டளையிடம் பணம் கேட்கும் விண்ணப்பப் படிவம் முப்பத்தொரு பக்கம். கேள்வி நாலு: இதுவரை எவரும் செய்யாத எதை நீங்கள் செய்யப்போகிறீர்கள்? கேள்வி ஐந்து: அதை நீங்கள் ஏற்கெனவே செய்ததற்கு மூன்று சான்றுகள் இணைக்கவும். தவராசா அதை நாலு தடவை வாசித்துவிட்டு அலுவலகத்துக்கே போய்க் கேட்டார். முன்மேசையில் இருந்த அலுவலர் பொறுமையாக விளக்கினார். “சுயத்தன்மை என்றால் அது நிரூபிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஐயா. நீங்கள் திடீரென்று புதிதாக ஒன்றைச் செய்தால் அது உங்களுடையதுதான் என்று நாங்கள் எப்படி நம்புவது?”

ரவிசங்கர் படிவத்தை வாங்கிக்கொண்டான். “இதெல்லாம் சடங்குடா தவா. நான் பாத்துக்கறேன். கடைசிப் பக்கத்துல மட்டும் சைன் போடு.”

“வாசிக்கத் தேவையில்லையோ?”

“நான் படிச்சுட்டேன்ல.”

தவராசா கையெழுத்துப் போட்டார். லொறியில் ஏறும் ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தடவை எண்ணுகிறவர், இந்த ஒரு தடவை எண்ணவில்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருந்தார். கடிதத்தில் படத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் திரும்பத் தமிழில் சொன்னால், ‘தேறுதலுடன் சென்று வா’. இழப்பின் பாதையில் மறுபடி அடியெடுத்து வைத்ததற்காக நடுவர் குழு அவரை வணங்கியிருந்தது. தவராசா விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு ஊர்த் தமிழர் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு திசைக்குப் போவது இங்கே தினமும் நடப்பதுதான். போனை எடுத்தார்.

“ரவி, தலைப்பு பிழையா விழுந்திட்டுது. இது செத்தவீட்டில சொல்லுற ஆறுதல் இல்லையடா. மெதுவாப் போங்கோ எண்டதுதான்.”

“ஐயோ, அப்படியா? எங்க ஊர்ல ஆறுதல்னா எழவு வீட்ல சொல்றதுதான். சரி விடு, நேர்காணல்ல நானே கரெக்ட் பண்ணிடறேன்.”

நேர்காணலில் ஐந்து பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு டிஷ்யூப் பெட்டி, பிரிக்காத புதுப்பெட்டி. நடுவில் தலைவர் ஹெலன். அறக்கட்டளையின் பதினோராம் விதிப்படி, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் தாய்மொழியில்தான் பேச வேண்டும், மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்வார். பதினெட்டு வருடமாக லொறிச் சாரதிகளை ஆங்கிலத்தில் ஏசி வேலை வாங்கிய தவராசா, கைகட்டித் தமிழில் தொடங்கினார். பக்கத்தில் ரவிசங்கர்.

“இது ஒரு பகிடிப் படம். ஒரு மனிசி கார் ஓடப் பழகிறா. ரவுண்டபவுட்டுக்குள்ள போனவ வெளிய வரத் தெரியாமல் சுத்துறா.”

ரவிசங்கர் ஆங்கிலத்தில் சொன்னான்: “இது ஒரு பெண்ணின் பயணம். வெளியேறும் வழி மறுக்கப்பட்ட ஒரு வட்டத்துக்குள் அவள் அகப்பட்டிருக்கிறாள்.”

ஹெலன் பேனாவைக் கீழே வைத்தார். “எத்தனை முறை சுற்றுகிறாள்?”

“பதின்மூண்டு” என்றார் தவராசா. இடது ஓரத்தில் இருந்தவர் முதல் டிஷ்யூவை உருவினார்.

தவராசாவுக்குக் காது சிவந்தது. விதியை மீறி ஆங்கிலத்துக்குத் தாவினார். “மன்னிக்க வேண்டும், இது நகைச்சுவைப் படம்.”

ஹெலன் மிகுந்த கனிவோடு கையை உயர்த்தினார். “தவராசா, ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்ற எந்த நெருக்கடியும் உங்களுக்கு இங்கே இல்லை. தயவுசெய்து உங்கள் சொந்தக் குரலில்.”

“ரவி, என்னடா சொல்லுறாய்? சிரிக்கிற படம் எண்டு சொல்லு.”

“சிரிப்புகூடத் தனக்கு அந்நியமாகிவிட்டது என்கிறார்” என்றான் ரவிசங்கர், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி எல்லாம் திறந்தன. ஹெலன் எழுந்து நின்று பேசினார். “வருடந்தோறும் எத்தனையோ பேர் புதிதாக ஏதோ செய்கிறேன் என்று இந்த அறைக்கு வருகிறார்கள். புதியது யாருக்கும் ஒருமுறை கைவரும். ஒரே விஷயத்தை ஐந்தாவது முறையும் முதன்முறை போலவே சொல்வதற்குத்தான் அசலான கலைஞர் தேவை. இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். எந்த இடத்தில் அழ வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி. உங்கள் மக்களைப் புரிந்துகொண்டோம் என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடிகிறது.” மற்ற நாலு பேரும் தலையை ஆட்டினார்கள்.

கீழே, டைல்ஸ் கடை வாசலில் கார் நிறுத்தியிருந்த இடத்தில் தவராசா ரவிசங்கரை மறித்தார்.

“முதல் படத்தில அம்மா படியால இறங்கேக்க ‘ஆறுதலா இறங்கு மோனை’ எண்டு சொல்லுவா. அதுக்கு ‘மெதுவா’ எண்டு இங்கிலிஷில போட்டது நீ. என்ர குசினிக்குள்ள இருந்து கேட்டுக் கேட்டு எழுதினனி. அண்டைக்கு விளங்கின சொல் இப்ப எப்பிடி விளங்காமல் போச்சு?”

ரவிசங்கர் கார்ச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “தெரியும்டா” என்றான்.

“தெரிஞ்சோ செய்தனி?”

“தெரிஞ்சுதான். காமெடின்னு போட்டிருந்தா முதல் ரவுண்ட்லயே தூக்கிப் போட்டிருப்பாங்க. தவராசாகிட்ட காமெடி யாருடா கேட்டா? உன் சோகத்த வெட்டி ஒட்டித்தான் எனக்கு அங்க ஒரு நாற்காலி குடுத்திருக்காங்க. நாளைக்கு நீ வேற ஆளாயிட்டா அங்க எனக்கு என்ன வேலை? எனக்கும் ஒரு குடும்பம் இருக்கு தவா.”

“இது துரோகம், ரவி.”

“ஒருநாள் நீயே தேங்க்ஸ் சொல்லுவ” என்று காரில் ஏறினான்.

தவராசாவுக்கு அழுகைகூட வரவில்லை. யாரோ ஒரு அதிகாரி செய்திருந்தால் ஏசிவிட்டுப் போயிருப்பார். தன் வீட்டுக் குசினிக்குள் இருந்து சோறு தின்று, தன் சொல்லைத் தன்னிடமே கேட்டுப் பழகியவன் அதே சொல்லால் தன்னை விற்றுவிட்டான் என்பதுதான் நெஞ்சைப் போட்டு அறுத்தது. வீட்டுக்கு வந்து, இது சிரிப்புப் படம்தான் என்று அறக்கட்டளைக்கு மூன்று பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார்.

அறக்கட்டளை கடிதத்தை மிகவும் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. உடனே ஒரு குரல் தணிக்கை நடத்தியது. நாலு பழைய படங்களையும் புதிய திரைக்கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அந்த முடிவுதான் செவ்வாய்க்கிழமை வந்த கடிதம். ‘முந்தைய படங்களில் சிரிப்பு வரும் இடங்கள்: இல்லை. இந்தத் திரைக்கதையில்: நாற்பத்தொன்று. முந்தைய படங்களில் ஜன்னல்கள்: ஐம்பத்தாறு. இதில்: நாலு, அவையும் காருடையவை. ஆகவே இது தவராசாவின் குரலில் எழுதப்படவில்லை. விண்ணப்பதாரர் யாரையோ பின்பற்றி எழுதியிருக்கலாம் என்று அஞ்சுகிறோம். படிவத்தின் பதினேழாம் பிரிவுப்படி தவராசாவின் குரல் அறக்கட்டளையின் பாதுகாப்பில் உள்ளது. அதைத் தொடர்ந்து பேச அவரால் இயலாத நிலையில், அக்குரலை நன்கறிந்த திரு. ரவிசங்கர் இப்படத்தை இயக்குவார். தவராசா கலந்துகொள்வதை வரவேற்கிறோம்.’

தெரிந்த வழக்கறிஞர் சாந்தகுமாரியிடம் கடிதத்தைக் கொண்டுபோனார். அவர் கண்ணாடியை இறக்கி வாசித்துவிட்டு, “கையெழுத்து உங்கடதானே அண்ணை? வாசிச்சனீங்களோ?” என்றார்.

“ரவி வாசிச்சவன்.”

“அப்ப அவருக்கு எல்லாம் வடிவா விளங்கியிருக்கும்” என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

படப்பிடிப்பு தொடங்கி இரண்டாம் நாள் இராசமலர் அக்கா போன் எடுத்தார். “தம்பி, நீங்கள் ஏன் வரேல்லை? காருக்குள்ள இருந்து அழச் சொல்லுகினம். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அழுறது சரியான கஷ்டம், மூச்சு முட்டுது.” தவராசா தனக்கு வேலை அதிகம் என்று சொல்லிப் போனை வைத்தார்.

பிரணவியிடம் மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். வீட்டுக்கு வந்த அழைப்பிதழை அவளே எடுத்துக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். சிநேகிதி அபிதாவையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக மண்டபத்தில் போய் இருந்தாள், சிரிக்கத் தயாராக. அவள் பொப்கோன் வாங்கவில்லை என்பதைத் தவராசா கவனித்தார்.

படம் ஓடியது. மழை. ஒரு கார் ரவுண்டபவுட்டைச் சுற்றுகிறது. உள்ளே இராசமலர் அக்கா ஜன்னலைப் பார்த்து அழுகிறார். பின்சீட்டில் ஒரு சூட்கேஸ், அதற்கும் பெல்ட் போட்டிருந்தது. அதைக் கண்டதும் பிரணவி ‘களுக்’ என்று சிரித்தாள். முன்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி திரும்பி, வாயில் விரலை வைத்து அவளை அடக்கினார். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. பத்மாவதி ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, “பதின்மூண்டும் சரி. ஆனா நான் ஒருநாளும் அழேல்லையே” என்று கணவனின் காதில் சொன்னார். கடைசியில் எழுத்து வந்தது: தவராசாவின் குரல், இயக்கம் ரவிசங்கர். மண்டபமே மூக்கைச் சிந்தியது.

ஹெலன் மேடையேறி, ஒரு கலைஞன் தன்னைத் தாண்டிப் போகாமல் நிலைத்து நிற்பதன் மகத்துவத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பிறகு தவராசாவை அழைத்தார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு பேர் முன்னால் ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு வேகம் வந்தது. மைக் முன்னால் நின்றார். பதினோராம் விதி மேடைக்கும் உண்டு. ரவிசங்கர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டான்.

தவராசா ஒவ்வொரு சொல்லாக, தமிழில் சொன்னார். “இந்தப் படம் என்ர இல்லை. எனக்குப் பக்கத்தில நிக்கிறவன் என்னைக் காட்டிக்குடுத்தவன்.”

ரவிசங்கர் ஒரு கணம் தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து ஆங்கிலத்தில் சொன்னான்: “இந்தப் படம் என்னுடையதல்ல, உங்கள் எல்லோருடையதும் என்கிறார். பக்கத்தில் நிற்கும் இந்த நண்பன்தான் என்னை உலகத்துக்குக் காட்டியவன், என்னை உங்களுக்குக் கொடுத்தவன் என்கிறார்.”

சபை எழுந்து நின்றது. தமிழ் விளங்கியவர்கள் முப்பது பேராவது அங்கே இருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பியதும் தாங்களும் எழும்பிக் கைதட்டினார்கள். ஆங்கிலத்தில் சொல்லத் தவராசா வாயெடுத்தபோது ஹெலன் மைக்கை வாங்கி, “அவரால் பேச முடியவில்லை” என்று அறிவித்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். ரவிசங்கர் நீட்டிய கையைத் தவராசா தொடவில்லை. கைதட்டல் இன்னும் பலமானது.

படியிறங்கி வரிசைக்கு வந்தார். பத்மாவதி மட்டும் எழும்பாமல், கைதட்டாமல் இருந்தார். பிரணவி நின்றுகொண்டிருந்தாள். தமிழ் அவளுக்குப் பாதிதான் பிடிபடும், இங்கிலிஷ்தான் காதில் விழுந்திருக்கும். அப்பா வந்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சேம் ஸ்பீச் அஸ் லாஸ்ட் டைம், டாட்” என்றாள்.